பிளக் சூடாகவில்லை

ஒட்னிக்கு ஒரு பழக்கம் உண்டு. வெல்டிங் மிஷினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, கையுறையைக் கழற்றி, சுவரில் செருகியிருக்கும் பிளக்கை உள்ளங்கையால் பொத்திப் பார்ப்பாள். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. சில்லென்று இருந்தால் மறுபடியும் உட்கார்ந்து வேலை. வெதுவெதுப்பாக இருந்தால் மிஷினை நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போய்விடவேண்டும் என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அந்தப் பிளக் ஒரு நாளும் வெதுவெதுப்பாக இருந்ததில்லை. அதில்தான் அவள் ஏமாந்தாள்.

தோர்ஸ்விக் ஊரில் அவளைத் தெரியாதவர் கிடையாது. மலைகளுக்கு நடுவே நீளும் கடல்கழியான ஃபியோர்டின் அக்கரைக்குப் போகவேண்டுமென்றால் கார்களை ஏற்றிச் செல்கிற அந்தப் பெரிய படகில்தான் போயாகவேண்டும். படகின் கீழ்த்தளத்தில் ஆரஞ்சுக் கோட்டு மாட்டிக்கொண்டு, "முன்னாடி வா, இன்னும் வா, நில்லு" என்று கைகாட்டுகிறவள் அவள்தான். பாதிரியாராக இருந்தாலும் அவள் நில் என்றால் நிற்கவேண்டும். அதற்கு முன்பு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தாள். தளம் மூடப்பட்ட அன்று மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, "அப்பாடா, இனிமே இடுப்பு வலிக்காது" என்று சொல்லிவிட்டு வந்தவள். கை சும்மா இருக்கவில்லை என்பது வேறு விஷயம். கடைசிச் சம்பளத்தில் ஒரு சின்ன மிஷின் வாங்கி, மலைச்சரிவில் இருக்கும் தன் வீட்டின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமைகளில் ஊர்க்காரர்களின் உடைந்த கேட்டு, பனி தள்ளும் தகடு, குழந்தைகளின் ஊஞ்சல் எல்லாம் அங்கே வந்து படுத்துக்கிடக்கும்.

காசு வாங்கமாட்டாள். யாரும் கொடுக்கவும் மாட்டார்கள். அவள் கேட்டை ஒட்டவைத்துக் கொடுத்தால், கேட்டுக்காரன் குளிர்காலத்துக்கு விறகு கொண்டுவந்து இறக்குவான். ஒருத்தி காட் மீன் கொண்டுவருவாள், ஒருத்தன் ஆட்டுத்தொடை. எதற்கு எது சமம் என்று கணக்குப் பார்க்கிற வழக்கமே இந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் ஒரு மரியாதை உண்டு. சிநேகிதத்துக்காகச் செய்து கொடுத்த வேலையை, செய்தவனின் கண்முன்னாலும் சரி, முதுகுக்குப் பின்னாலும் சரி, குடைந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவனின் கார் பனியில் பள்ளத்துக்குள் இறங்கினால் டிராக்டர் கொண்டுவர ஆள் கிடைக்காது. முட்டாள்தனமான மரியாதைதான். ஆனால் எல்லாருக்கும் அதில் ஒரு பெருமை.

கரண்ட் விஷயத்தில் ஒட்னி எவ்வளவு கண்டிப்பானவள் என்பதை அண்டைவீட்டுக் கோரெயைக் கேட்டால் சொல்வார். ஆடு வளர்க்கிற மனிதர், எழுபதைத் தாண்டியவர். ஒரு தடவை மலிவாகக் கிடைக்கிறதே என்று அவரும் ஒரு வெல்டிங் மிஷின் வாங்கிவிட்டார். ஆட்டுத்தொட்டியின் காலை ஒட்டவைக்கலாம் என்று உட்கார்ந்தவர் வீட்டு வாசலில் ரப்பர் கருகுகிற நாற்றம். ஒட்னி வேலி தாண்டிக் குதித்து ஓடினாள்.

"கோரெ! நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"என்னம்மா, தீப்பிடிச்ச மாதிரி ஓடி வர்ற?"

"பிடிக்கத்தான் போகுது. இந்த உருளையில எவ்வளவு ஒயர் சுத்தி வெச்சிருக்கீங்க?"

"இருக்கிறதிலயே நீளமானதா வாங்கினேன். பிரிச்சுப் போட்டா ஆடு வந்து மிதிக்கும். அதான் சுத்தினபடியே விட்டுட்டேன்."

"ஆடு மிதிக்காது, வீடு எரியும். சுருட்டி வெச்ச ஒயர் உள்ளுக்குள்ளயே வேகும். தொட்டுப் பாருங்க."

தொட்டார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எந்தச் சாக்கெட்ல சொருகியிருக்கீங்க?"

"சமையல்கட்டுல."

"அந்த லைன்ல வேற என்ன ஓடுது?"

"ஒண்ணுமில்லயே. காபி கெட்டில். ஹீட்டர். அப்புறம் ஆட்டுக்கறி வெச்சிருக்கிற ஃப்ரீசர்."

"ஒண்ணுமில்லயா! ஒரு ஊர்க் கல்யாணமே நடக்குது அந்த ஒத்தக் கம்பியில! நல்லாக் கேட்டுக்குங்க. மிஷினுக்குன்னு தனி லைன் வேணும், அதுல வேற எதுவும் ஓடக்கூடாது. எக்ஸ்டென்ஷன் தடிமனா, குட்டையா இருக்கணும், முழுசாப் பிரிச்சுப் போட்டிருக்கணும். பொறி கிளம்பற நேரத்துல மிஷின் ஒரு மடக்கு அதிகமாக் குடிக்கும். அதைப் பொறுத்துக்கிற பிரேக்கரா போர்டுல இருக்கணும். ஆனா கம்பி தாங்கறதுக்கு மேல ஒரு ஆம்பியர் கூடப் போகவிடக் கூடாது. பிரேக்கர் இருக்கிறது மிஷினைக் காப்பாத்த இல்ல, சுவத்துக்குள்ள இருக்கிற கம்பியைக் காப்பாத்த."

"ரொம்பத்தான் படம் காட்டற. உன் வீட்டுல மட்டும் என்ன, தங்கக் கம்பியா?"

"என் வீட்டுலயா? ஸ்டைனார் இழுத்த லைன்," என்றாள் ஒட்னி. அதைச் சொல்லும்போது அவள் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள்.

ஸ்டைனார் ஊரின் எலக்ட்ரீஷியன். ஒட்னியும் அவனும் ஒரே தீவிலிருந்து ஒரே படகில் பள்ளிக்கூடம் போனவர்கள். ஒரே கம்பளித் தொப்பியை முறைவைத்துப் போட்டுக்கொண்டவர்கள். அவள் மகள் இங்கபோருக்கு ஞானஸ்நானம் நடந்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் அவன்தான். புருஷன் ரோல்ஃப் வேறொருத்தியோடு தெற்கே போனபோது, ஊரே வாயால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க, இவன் மட்டும் ஒன்றும் பேசாமல் வந்து கதவுப் பூட்டை மாற்றிவிட்டு, வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனான். அதனால்தான் சொல்கிறேன், இது ஒரு கெட்டவனின் கதை இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ஒட்னிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தனி லைன் வந்த விதம் இப்படி. ஆரம்பத்தில் கொட்டகையின் பழைய சாக்கெட்டில் மிஷினைப் போட்டால், வெல்டிங் ராடு இரும்பைத் தொட்ட கணமே பத்து ஆம்பியர் பிரேக்கர் விழுந்து வீடு பாதி இருட்டாகிவிடும். மேலே படித்துக்கொண்டிருக்கும் இங்கபோர் "அம்மாஆ" என்று கத்துவாள். அந்த வசந்த காலத்தில் ஸ்டைனாரின் படகு ஏற்றும் டிரெய்லரில், இழுவைக் கம்பம் சட்டத்தோடு சேருகிற இடத்தில் விரிசல் விட்டது. "நீ என் டிரெய்லரைப் பாரு, நான் உன் கரண்ட்டைப் பாக்கறேன்," என்றான். முடிந்தது பேச்சு.

டிரெய்லருக்கு ஒட்னி எடுத்துக்கொண்ட சிரமத்தைக் கப்பலுக்குக்கூட எடுத்ததில்லை. விரிசலின் இரண்டு முனையிலும் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தினாள். பழைய துருவை வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்தாள். வாய்க்கால் மாதிரி சரித்து வெட்டி, அடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்தாள். அந்த டிரெய்லருக்குப் பின்னால் ரோட்டில் வேறு கார்கள் வரும், அவற்றில் பிள்ளைகள் இருப்பார்கள் என்பது அவள் மனதில் இருந்தது.

ஸ்டைனார் ஒரு சனிக்கிழமை வந்தான். "நீ போய் வாஃபிள் சுடு, காலுக்குள்ள நிக்காதே," என்று விரட்டினான். அவள் மாவு கலக்கி, சுட்டு, பழுப்புச் சீஸ் சீவி எடுத்துக்கொண்டு கீழே வருவதற்குள் வேலையை முடித்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

"அதுக்குள்ளயா?"

"கை வேகம்டி. சும்மாவா?"

கொட்டகைச் சுவரில் புது சாக்கெட். அதற்குள் இறங்குகிற கேபிள் கட்டைவிரல் தடிமன். மாடி நடைவழியில் இருக்கும் மெயின் போர்டில் புதிய பிரேக்கர், அதில் இருபது என்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் அவன் கையெழுத்தில் 'வெல்டிங்'. அந்தத் தடிமன் கேபிளுக்கு இருபது தாராளமாகப் பொருந்தும் என்று ஒட்னிக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த இரண்டு முனையும் சரியாக இருந்தன. நடுவில் இருப்பது நடைவழியின் மரப்பலகைச் சுவருக்குள். அதைப் பெயர்த்துப் பார்க்கலாமா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் வெட்கப்பட்டிருப்பாள்.

அதற்குப் பிறகு பிரேக்கர் ஒரு நாளும் விழவில்லை. இங்கபோர் கத்தவில்லை. பிளக் சில்லென்றே இருந்தது. ஸ்டைனாரை ஒட்னி தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடாத குறைதான். கொட்டகைக்கு வந்த ஒருத்தர் விடாமல் அந்தச் சாக்கெட்டைக் காட்டினாள்.

வீட்டில் மொன்ஸ் என்று ஒரு சோம்பேறிப் பூனை இருந்தது. மொன்ஸுக்கு வெல்டிங் நாள் பிடிக்கும். மிஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அது நாற்காலியை விட்டு இறங்கி, நடைவழியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு கால் நீட்டிப் படுத்துவிடும். மற்ற நாளில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. "அம்மா, இதுக்கு உன் மிஷின் சத்தம்தான் தாலாட்டு," என்று இங்கபோர் சிரிப்பாள். அந்தச் சுவரின் மறுபக்கம் அவள் அறை. அவள் கட்டிலின் தலைமாடு.

ஒரு இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை ஸ்டைனார் ஏணி கேட்டு வந்தான். ஒட்னி காலையிலிருந்து வெல்டிங்கில் இருந்தாள். ஏணியை எடுத்துக் கொடுக்க மாடிக்கு வந்தபோது அவன் நடைவழியில் குனிந்து பூனையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இது எப்பவும் இங்கயா படுக்கும்?"

"வெல்டிங் நாள்ல மட்டும். கலைஞன்டா அவன், பொறி பறந்தாத்தான் தூக்கம் வரும்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய ஒரு கை பூனைமேல் இருந்தது, இன்னொரு கை சுவரில் ஊன்றியிருந்தது. எழுந்திருக்க ஊன்றினான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"வயசாகுது ஒட்னி. வெல்டிங்கைக் கொஞ்சம் குறைச்சுக்க. கண்ணு போயிடும்."

அவளுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. தன் கண்ணைப் பற்றிக் கவலைப்பட இந்த உலகத்தில் ஒருத்தன் இருக்கிறானே என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது நினைத்தால் அவளுக்குக் குமட்டுகிறது.

இங்கபோர் படிக்கப் பெர்கன் நகரத்துக்குப் போன பிறகு வீடு மந்தமாகிவிட்டது. சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒட்னி நடைவழிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தாள். அந்த வாரச் சனிக்கிழமை, கோரெயின் ஆட்டுப்பட்டிக்குப் பெரிய கேட்டு ஒன்று வந்திருந்தது. நாள் முழுக்கப் பிடித்த வேலை. மத்தியானம் காபிக்கு மேலே வந்தவள் நடைவழியில் அப்படியே நின்றாள். மொன்ஸ் வழக்கமான இடத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தது. அதன் முதுகுக்கு மேலே, புது வெள்ளையில், காபிக் கறை மாதிரி ஒரு மஞ்சள் திட்டு.

உள்ளங்கையை வைத்தாள். அடுப்பின் பக்கச் சுவர் போலக் கொதித்தது.

ஓடிப்போய் மெயினை அணைத்தாள். பூனையைத் தூக்கி வெளியே போட்டாள். கடப்பாரையால் பலகையைப் பெயர்த்தாள். பெயர்ந்ததும் கருகின மர வாசனை முகத்தில் அடித்தது.

உள்ளே கொட்டகையிலிருந்து ஏறிவருகிற தடிமன் கேபிள் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போர்டு வரைக்கும் அதே பழைய, மெலிந்த கம்பி. பழைய பத்து ஆம்பியர் லைன். இரண்டும் சேர்கிற முடிச்சு கரியாகியிருந்தது. அதைத் தொட்டதும் பிளாஸ்டிக் காய்ந்த ரொட்டி மாதிரி நொறுங்கி விழுந்தது. அதற்குப் பின்னாலிருந்த மரச்சட்டத்தில் உள்ளங்கை அளவுக்குக் கருப்பு. அந்தச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பலகை, ஒரு சுவர்த்தாள், ஒரு தலையணை.

ஒட்னி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கை வைத்துப் பார்த்த பிளக் தடிமன் கேபிளின் முனையில் இருந்தது, அது எப்படிச் சுடும்? சுடவேண்டியதெல்லாம் சுவருக்குள் ஒளிந்துகொண்டு சுட்டிருக்கிறது. பழைய பிரேக்கர் இருந்திருந்தால் முதல் நாளே விழுந்து காட்டிக்கொடுத்திருக்கும். அது காட்டிக்கொடுக்கக் கூடாதென்றுதானே இருபது. இதையெல்லாம் விட, சுவரில் ஊன்றியிருந்த அந்தக் கை அவள் கண்முன்னால் வந்து நின்றது. அவள் அழுதாள். ரோல்ஃப் போனபோதுகூட இப்படி அழவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்டைனார் வீட்டுக் கதவை அவன் மனைவி மாரிட் திறந்தாள்.

"வா ஒட்னி, வா! சரியான நேரத்துக்கு வந்திருக்க. வாஃபிள் சூடா இருக்கு."

ஒட்னி பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே போனாள். மாரிட்டின் முகம் அப்போதே மாறிவிட்டது. வெட்டி எடுத்து வந்த அந்தக் கருகிய முடிச்சை ஒட்னி மேஜையில், ஜாம் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஸ்டைனார் அதைப் பார்த்தான். இது என்ன என்று அவன் கேட்கவில்லை.

"ஏன்டா?" என்றாள்.

"அன்னிக்கு வண்டியில அவ்வளவு கேபிள்தான் இருந்துச்சு. மிச்சம் வாங்க அக்கரைக்குப் போகணும். படகும் போயிடுச்சு. அப்புறமா வந்து மாத்திடலாம்னுதான்…"

"அப்புறம்னா எப்ப? இங்கபோர் கிழவியான பெறகா?"

"மறந்துபோச்சு ஒட்னி. சத்தியமா."

"மறக்கல. நீ பூனையைப் பாத்த."

அவன் தலை குனிந்தது.

"எந்தப் பூனை? என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?" என்றாள் மாரிட்.

"உன் புருஷனைக் கேளு. சுவத்துல கை வெச்சுப் பாத்தான். சூடு தெரிஞ்சுது. எதுக்குச் சுடுதுன்னு இந்த ஊர்லயே அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். கையை எடுத்துட்டு என் கண்ணைப் பத்திப் பேசினான். ஏணியைத் தூக்கிட்டுப் போனான்."

"சொல்லணும்னுதான் இருந்தேன். சொன்னா நீ என்னைப் பத்தி என்ன நினைப்பேன்னு…"

"உண்மையை நினைச்சிருப்பேன். அவ்வளவுதானே?"

"இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு தலை வெச்சுப் படுத்தா? பேரைச் சொல்லு."

அவன் ஜாம் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"கோயில்ல அவளைக் கையில ஏந்தினவன்டா நீ. சொல்லு!"

வாஃபிள் சுடும் கருவியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அதை அணைக்க யாரும் போகவில்லை. கடைசியில் ஸ்டைனார் தணிந்த குரலில் பேசினான். நாளைக்கே வந்து போர்டிலிருந்து கொட்டகை வரை புதிதாக இழுத்துத் தருகிறேன், வெளியே மட்டும் சொல்லாதே, லைசென்ஸ் போய்விடும் என்றான். மன்னித்துவிடு என்ற வார்த்தையும் அதில் எங்கோ நடுவில் வந்தது. லைசென்ஸுக்கு அப்புறம் வந்தது என்பதை ஒட்னி கவனித்தாள்.

"என் வீட்டுப் படி ஏறாதே," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அக்கரையிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள். கம்பெனிப் பெயர் எழுதிய அவன் வண்டியைப் படகில் ஏற்றிக் கைகாட்டி நிறுத்தியவளும் அவளேதான். அந்த வண்டி அவள் வீட்டு வாசலில் நின்றதைப் பார்த்ததுமே ஊருக்குப் புரிந்துவிட்டது. ஸ்டைனார் இருக்கும்போது ஒட்னி வெளியாளைக் கூப்பிட்டாள் என்றால் அதற்கு மேல் என்ன செய்தி வேண்டும்.

வந்த ஆள் அதிகம் பேசாதவன். போர்டிலிருந்து சாக்கெட் வரை ஒரே தடிமன் கேபிளாக, நடுவில் முடிச்சே இல்லாமல், சுவருக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும்படி இழுத்தான். தடக்கென்று விழாமல் பொறுத்து விழுகிற பதினாறு ஆம்பியர் பிரேக்கர், மின்கசிவு வந்தால் துண்டித்துவிடுகிற சாதனம் எல்லாம் வைத்தான். முடித்ததும் சாக்கெட்டின் மூடியைக் கழற்றி, "பாத்துக்கங்க," என்றான். ஒட்னி தயங்கினாள். பிறகு குனிந்து பார்த்தாள். பார்க்கும்போது அவளுக்குக் காது சூடாகியது, யாருடைய பெட்டியையோ திறந்து பார்க்கிற மாதிரி.

ஊர் அவள் பக்கம் நிற்கும் என்று நினைத்திருந்தால் அது அவள் தப்பு. "முதல்ல அவன்கிட்டயே கேட்டிருக்கலாமே," என்றார்கள். "வெளியாளைக் கூப்பிடற அளவுக்கா?" என்றார்கள். அவள் வாயைத் திறந்திருந்தால் இவர்கள் வாய் மூடியிருக்கும். அவள் திறக்கவில்லை. மாரிட்டுக்காகவா, பழைய கம்பளித் தொப்பிக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. கோரெயிடம் மட்டும், அவர் வீட்டு லைனையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொன்னாள். அவள் சொல்லித்தான் அவரும் ஸ்டைனாரை வைத்துத் தனி லைன் இழுத்திருந்தார். கிழவர் மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பலகையைக் கழற்றிப் பார்த்தார். மறுநாள் வேலியோரம் வந்தார்.

"என்னோடது சுத்தமா இருக்கும்மா. கடைசி வரைக்கும் தடிமன்தான்."

"நல்லது."

"எனக்குச் சிநேகிதம் கிநேகிதம் எல்லாம் கிடையாது பாரு. பில் போட்டுக் குடுடான்னு கேட்டு வாங்கினேன்." சொன்ன பிறகுதான் அது அவள் மேல் எப்படி விழுந்தது என்று அவருக்குத் தெரிந்தது. "நாளைக்கு மீன் கொண்டாறேன்," என்று முனகிவிட்டுப் போய்விட்டார்.

அப்படியானால் காசு கொடுத்தவனுக்குச் சரியாகத்தான் செய்திருக்கிறான். நட்புக்குச் செய்ததில்தான் கை சுருக்கியிருக்கிறான். ஒட்னி அந்த வாரம் வெல்டிங் மிஷினைத் தொடவில்லை.

பிறகு தென்மேற்குக் காற்று ஆரம்பித்தது. படகு ஆடுகிற நாட்களில் டிரெய்லர்களின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கவேண்டும் என்பது விதி. மற்ற நாளில் யாரும் குனியமாட்டார்கள். அன்று காலை வரிசையின் கடைசியில் ஸ்டைனாரின் கார் வந்தது, பின்னால் டிரெய்லர், அதன்மேல் குளிர்காலத்துக்காகக் கரையேற்றிய அவனுடைய சின்னப் படகு. வழக்கமாக அந்தப் படகைப் பக்கத்துத் துறையிலேயே ஏற்றி இறக்கிக்கொள்வான். இந்தத் தடவை விற்கக் கொண்டுபோகிறான் போலிருந்தது. ஒட்னி எல்லாருக்கும் காட்டுவது போலக் கைகாட்டினாள். முன்னாடி வா. இன்னும் வா. நில்லு. அவன் கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்தான், அவள் சக்கரத்தைப் பார்த்தாள்.

முட்டுக்கட்டையோடு மண்டியிட்டபோதுதான் டிரெய்லரின் அடிப்பக்கம் அவள் கண்ணில் பட்டது. அவள் வெல்டிங் அங்கே இருந்தது. ஒவ்வொரு வரிசையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் கனமான இரும்புத் தகடு வைத்து, நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. யாரோ பட்டறைக்காரன் செய்த வேலை. போல்ட்டுகளில் துரு ஏறியிருந்தது. இந்த வருஷத்துத் துரு இல்லை. போன வருஷத்துத் துருவும் இல்லை.

அவள் எழுந்து போய் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். அவன் இறக்கினான். காற்று உள்ளே பாய்ந்தது.

"அந்தத் தகடு எப்ப போட்டது?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தான்.

"அந்த வருஷமே."

"நான் குடுத்த பெறகா?"

"குடுத்த மறு வாரம். பின்னாடி யாராவது புள்ளைகுட்டியோட வர்ற ரோடு. அதான் எதுக்கும் இருக்கட்டும்னு…" "உன் வேலையில குறை ஒண்ணும் இல்ல ஒட்னி. பட்டறைக்காரனே சொன்னான், இதுக்குத் தகடே தேவையில்லன்னு."

"அப்புறம் எதுக்குடா போட்ட?"

அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. தான் அவளுக்கு என்ன செய்து கொடுத்தான் என்பது அவனுக்குத் தெரியும். அவளும் அதையேதான் செய்து கொடுத்திருப்பாள் என்று நினைத்திருக்கிறான். இவ்வளவு நாளும், அவன் தன் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டான் என்றுதான் அவள் கொதித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள்மேல் அவனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. அவள் பெருமையோடு நிமிர்ந்து நின்று அவன் பெயரைச் சொன்ன ஒவ்வொரு தடவையும், அவனுடைய படகு வேறொருவன் போட்ட போல்ட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

மேலே மணி அடித்தது. படகு புறப்படப் போகிறது.

"ஹேண்ட் பிரேக்கைப் போடு," என்றாள். "கியர்ல விட்டு இன்ஜினை நிறுத்து."

எல்லா ஓட்டுநரிடமும் சொல்கிற அதே வார்த்தைகள். அவன் போட்டான். அவள் திரும்பிப் போய் மறுபடி மண்டியிட்டு, முட்டுக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் தள்ளி, பூட்ஸ் காலால் இரண்டு உதை உதைத்தாள். பிறகு கையுறையைக் கழற்றிக் கையால் ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. அடுத்த பக்கத்துச் சக்கரத்துக்குப் போனாள்.